படைமுகாமுக்குப் பொருள் வழங்குதல்: யாழ்ப்பாணத்துச் சிறு பட்டறைக்கு அந்த வழி எப்படிப்பட்டது?

சுன்னாகத்தில் என் மாமாவுக்கு ஒரு லேத் பட்டறை இருக்கிறது. இரண்டு லேத், துளை போடும் மெசின் ஒன்று, வெல்டிங் செட் ஒன்று, வேலைக்கு மூன்று பேர். தோட்டக்காரரின் நீரிறைக்கும் மெசினுக்குப் புஷ் (அச்சைத் தாங்கும் உலோக வளையம்) கடைந்து கொடுப்பார்கள், உழவு மெசினுக்கு உடைந்த அச்சைக் கட்டிக் கொடுப்பார்கள், இடையிடையே கேற்றும் கிறில்லும் அடிப்பார்கள். போன மார்கழியில் மாமாவின் மகன் பத்திரிகையில் வந்த அறிவித்தல் ஒன்றை வெட்டிக்கொண்டு வந்து மேசையில் வைத்தான். அடுத்த ஆண்டுக்கான வழங்குநர் பதிவு அது. கோரியிருந்தது முப்படைகளில் ஒன்று. இரும்புக் கட்டில், அலுமாரி, சமையல் பாத்திரம், பம்பி உதிரிப்பாகம் என்று பட்டியல் நீண்டது. "இதிலே பாதி நாங்கள் செய்யிற சாமான்தானே, அப்பா?" என்று கேட்டான்.

மாமா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "ஆமிக்குச் சாமான் செய்து குடுக்கிறதோ?" என்றார். அன்று பேச்சு அதோடு நின்றுவிட்டது.

அந்த மேசையில் இரண்டு கேள்விகள் இருந்தன. செய்யலாமா என்பது ஒன்று, செய்ய முடியுமா என்பது மற்றது. யாழ்ப்பாணத்தில் முதலாவதை மறைத்துவிட்டு இரண்டாவதை மட்டும் எழுதுவது நேர்மையாகாது. 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேறியவர்களின் காணிகளில் ஒரு பகுதி இன்னும் படைமுகாம் வேலிக்கு உள்ளே இருக்கிறது. படையினரே தோட்டம் செய்து, உணவகம் நடத்தி, விடுதி நடத்தி உள்ளூர் வியாபாரத்தோடு போட்டி போடுவது பற்றிய முறைப்பாடும் பழையது. தன் காணிக்குள் நிற்கும் முகாமுக்குக் கட்டில் செய்து கொடுப்பதை ஒருவர் வெறும் வியாபாரமாக நினைக்க மாட்டார், நினைக்கவேண்டும் என்று யாரும் அவரிடம் சொல்லவும் முடியாது. என் நிலைப்பாட்டைக் கேட்டால், ஆயுதத்தோடு தொடர்புள்ள எதற்கும் எனக்குச் சம்மதமில்லை. கட்டில், தண்ணீர்த் தாங்கி, பம்பிப் பாகம் என்றால் ஒவ்வொருவரும் தன் மனச்சாட்சியோடு பேசி முடிவெடுக்கட்டும்.

ஆனால் அந்த முடிவை விவரம் தெரிந்து எடுக்கவேண்டும். படைக்குப் பொருள் வழங்கத் தேவைப்படும் கடதாசி, அளவு, பண ஒழுங்கு ஆகிய மூன்றும் போதனா வைத்தியசாலைக்கோ பிரதேச சபைக்கோ பாடசாலைக்கோ வழங்கவும் அப்படியே தேவை. படைக்கான ஒழுங்கைக் கற்றவனுக்கு மற்றக் கதவுகளும் திறக்கும். முகாம் வேண்டாம் என்று சொல்பவரும் இதைத் தெரிந்துவைத்திருப்பதில் பயன் உண்டு.

படை என்ன வாங்குகிறது?

இராணுவத்துக்குப் பொருள் என்றதும் துப்பாக்கியும் குண்டும்தான் எங்கள் நினைவுக்கு வருகின்றன. அந்தப் பக்கம் சிறு பட்டறை போகவே தேவையில்லை. உரிமம் இல்லாமல் துப்பாக்கியோ அதன் பாகமோ செய்வது இலங்கையில் குற்றம். இந்த மண்ணில் அதன் பின்விளைவுகளை நான் விளக்கத் தேவையில்லை. ஒரு முகாமின் அன்றாடத்தை எண்ணிப் பார்த்தால் பட்டியல் வேறுமாதிரி வரும். ஆயிரம் பேர் ஓரிடத்தில் தூங்கவேண்டும், சாப்பிடவேண்டும், குளிக்கவேண்டும். கட்டில், மெத்தை, நுளம்பு வலை, கதிரை, அலுமாரி, அண்டா, வாளி, தண்ணீர்க் குழாய், கூரைத் தகடு, கொடிக்கம்பம், பெயர்ப்பலகை, சீருடைப் பொத்தான், மரக்கறி, கருவாடு, மிளகாய்த்தூள் எல்லாம் யாரோ ஒருவரிடம் விலைகொடுத்து வாங்கப்படுபவைதான். பெரிய வேலைகளில் கணிசமானதைப் படைகள் தாங்களே செய்துகொள்கின்றன. கண்ணிவெடி தாங்கும் 'யுனிபஃபல்' வண்டியை இராணுவத்தின் மின், இயந்திரப் பொறியியல் பிரிவே கட்டியது. கடற்படை வெலிசறையில் சொந்தமாகப் படகு கட்டுகிறது. ஆகவே வெளியே வருவது பெரும்பாலும் நான் சொன்ன சாதாரணப் பொருள்களும் உதிரிப்பாகங்களும்தான்.

இவை எப்படி வாங்கப்படுகின்றன? இலங்கையில் அரச நிறுவனம் எதுவானாலும் பொருள் வாங்குவதற்குப் பொது விதிகள் உண்டு. அதை 'பெறுகை' என்பார்கள். 2006 ஆம் ஆண்டின் வழிகாட்டியே நீண்ட காலம் நடைமுறையில் இருந்தது. தேசிய பெறுகை ஆணைக்குழுவின் புதிய வழிகாட்டி 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. சிறிய தொகை என்றால் பதிவு செய்த வழங்குநர்களிடம் விலைமனு கேட்பார்கள். தொகை பெருத்தால் பத்திரிகையில் பகிரங்க ரெண்டர் வரும். மச்சான் வெட்டி வந்த அறிவித்தல் முதலாவது வகைக்கு உள்ளே போகும் வாசல். பெயர் அந்தப் பதிவில் இல்லாவிட்டால் விலைமனுக் கடிதமே வீட்டுக்கு வராது. ஆண்டின் கடைசி மாதங்களில் இப்படியான அறிவித்தல்கள் வரும், பொருள் வகை ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே கட்டணம் கேட்பார்கள். கண்ணில் பட்ட வகை எல்லாவற்றுக்கும் காசு கட்டாமல், உண்மையில் செய்யக்கூடிய இரண்டு மூன்றுக்கு மட்டும் கட்டுவது புத்தி.

கையில் இருக்கவேண்டிய கடதாசிகள் பெரிதாக ஒன்றுமில்லை. வியாபாரப் பதிவு, வரி இலக்கம், வங்கிக் கணக்கின் கூற்று, முன்பு செய்த வேலைகளின் சான்று. 50 இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட ரெண்டர் என்றால் 1987 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்கப் பொது ஒப்பந்தங்கள் சட்டத்தின் கீழ் கம்பனிப் பதிவாளரிடம் தனியாகப் பதிய வேண்டும். இதைக் கடைசி நாளில் அறிந்து கைவிட்டவர்களை எனக்குத் தெரியும். நிதி அமைச்சின் 'புரொமிஸ்' என்ற இணையப் பெறுகைத் தளத்திலும் பதிந்துவைப்பது நல்லது. மொழி இன்னொரு தடை. ரெண்டர் ஆவணங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் வருகின்றன. எங்கள் பட்டறைக்காரர் பலர் அதன் நிபந்தனைப் பக்கங்களை வாசிக்காமலே கையெழுத்து வைக்கிறார்கள். வீட்டில் ஏஎல் படித்த பிள்ளை இருந்தால் இரண்டு இரவு உட்கார்ந்து ஒவ்வொரு நிபந்தனையையும் தமிழில் எழுதிவைக்கச் சொல்லுங்கள். முழு முயற்சியிலும் மலிவான, ஆனால் மிகப் பெறுமதியான வேலை இதுதான்.

ஒன்று செய்வதும் முந்நூறு செய்வதும்

நான் அதிகம் பேச விரும்புவது அளவைப் பற்றி.

யாழ்ப்பாணத்து மெக்கானிக்கின் கெட்டித்தனம் உலகில் யாருக்கும் குறைந்ததில்லை. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை, உதிரிப்பாகம் இல்லை. அப்போது சில சொட்டுப் பெற்றோலில் எழுப்பி மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிளையும் காரையும் ஓட்டினோம். சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டோம். மாமா அந்தப் பள்ளியில் படித்தவர். தேய்ந்த புஷ் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தால், அதைப் பார்த்து, கடைந்து, வைத்துப் பார்த்து, இறுக்கமாக இருந்தால் அரத்தால் இரண்டு இழுவை ராவி, மெசினில் பொருத்தி ஓடவிட்டுத்தான் காசு வாங்குவார். அந்த மெசினுக்கு அந்தப் புஷ் அச்சொட்டாக இருக்கும். பக்கத்துத் தோட்டத்து மெசினுக்கு அது போகாது. போகவேண்டிய தேவையும் இல்லை.

படை கேட்பது இதற்கு நேர்மாறான கெட்டித்தனம். முந்நூறு புஷ் வாங்கி மூன்று ஆண்டு களஞ்சியத்தில் வைத்திருப்பார்கள். அதிலே எதை எடுத்து எந்த முகாமின் எந்தப் பம்பியில் போட்டாலும், அரம் பிடிக்காமல் உள்ளே போகவேண்டும். வரைபடத்தில் 25 மில்லிமீற்றர் என்றும் அதன் பக்கத்தில் கூட்டல் 0.02, கழித்தல் பூச்சியம் என்றும் போட்டிருந்தால், 25.03 ஆக வந்த துண்டு எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் திரும்பி வரும். மாமாவிடம் இருந்த வேணியர் என்ற அளவுகோல் இரண்டு தடவை நிலத்தில் விழுந்தது. அதனால் நூறில் இரண்டு மில்லிமீற்றரை நம்பி அளக்கமுடியாது. மைக்ரோமீற்றர் வேண்டும், அது சரியாக இருக்கிறது என்பதற்கு அளவுத்திருத்தச் சான்றிதழும் வேண்டும். அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்களமும் கொழும்பிலுள்ள கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவனமும் அந்த வேலையைச் செய்கின்றன. முந்நூறையும் ஒவ்வொன்றாக அளக்க நேரமில்லாவிட்டால், போகும், போகாது என்று இரண்டு முனை கொண்ட அளவுக்கட்டை ஒன்றைச் செய்துவைத்தால் போதும். ஒரு முனை உள்ளே போகவேண்டும், மற்றது போகக்கூடாது. வேலைக்கு வந்து ஒரு கிழமையான பொடியனும் அதை வைத்துச் சோதிக்கலாம்.

அடுத்தது இரும்பு. எங்கள் பட்டறைகளில் பழைய இரும்பு நிறையப் புழங்குகிறது. தோட்டத்து வேலைக்கு அது போதும். விவரக்கூற்று 304 ரகக் கறள் பிடிக்காத உருக்கு என்று சொன்னால், ஆலைச் சான்றிதழோடு வந்த உருக்கைத்தான் வாங்கவேண்டும். எந்த உருக்குத் துண்டிலிருந்து எந்தப் புஷ் வெட்டப்பட்டது என்பதற்கும் ஒரு கொப்பி இருக்கவேண்டும். நூறு நல்ல புஷ்ஷும் இருபது பிழையான புஷ்ஷும் கலந்துபோனால் இந்தக் கொப்பி இல்லாதவர் நூற்றிருபதையும் இழப்பார். கொப்பி இருப்பவர் இருபதை மட்டும் பிரித்தெடுப்பார்.

மாதிரி பற்றியும் ஒரு வார்த்தை. கட்டில், அலுமாரி போன்றவற்றுக்கு முதலில் மாதிரி ஒன்று கேட்பார்கள். அதை ஏற்றுக்கொண்டால் முத்திரை வைத்து வைத்துக்கொள்வார்கள், பின்னர் வருகிறவற்றை அதோடு ஒப்பிடுவார்கள். ரெண்டர் கிடைக்கவேண்டும் என்ற ஆசையில் மாதிரிக்கு மட்டும் தடித்த குழாயும் மூன்று பூச்சுப் பெயின்ரும் அடித்தால், இருநூறுக்கும் அதே தடிப்பும் அதே பூச்சும் கொடுத்தே தீரவேண்டும். எதைத் தொடர்ந்து செய்ய முடியுமோ அதையே மாதிரியாகக் கொடுங்கள். அதைப்போல இரண்டைப் பட்டறையிலும் வைத்திருங்கள்.

ஒன்றுபோல ஆயிரம் செய்வது என்ற எண்ணமே படைகளின் தேவையிலிருந்து வளர்ந்ததுதான். அமெரிக்காவில் ஈலாய் விட்னி 1798 இல் 10,000 துப்பாக்கிகளை இரண்டு ஆண்டில் தருவதாக ஒப்பந்தம் செய்தார். முழுவதையும் கொடுத்து முடிக்க 1809 ஆகிவிட்டது. ஒன்றைச் செய்து காட்டுவதற்கும் பத்தாயிரம் செய்வதற்கும் இடையில் எவ்வளவு தூரம் என்பதை அவரும் காசு கொடுத்துத்தான் கற்றார்.

இன்னொரு கதை எங்களுக்கு இன்னும் நெருக்கமானது. 1940 இல் அமெரிக்க இராணுவம் சிறிய நான்கு சக்கர வண்டி ஒன்றுக்காக 135 கம்பனிகளிடம் கேட்டது. பென்சில்வேனியாவின் பட்லர் நகரிலிருந்த, கிட்டத்தட்ட மூடும் நிலைக்கு வந்திருந்த 'பான்ரம்' என்ற சிறிய கம்பனிதான் 49 நாள் கெடுவுக்குள் முதல் மாதிரியைக் கட்டி ஓட்டிக்கொண்டு போய் ஒப்படைத்தது. அதுதான் ஜீப். ஆனால் பான்ரத்தால் பெருந்தொகையில் செய்ய முடியாது என்று இராணுவம் நினைத்தது. அவர்களின் வரைபடங்கள் வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும் கொடுக்கப்பட்டன. அந்த இரண்டும் இலட்சக்கணக்கில் செய்தன, பான்ரம் செய்தது 2,700 அளவில்தான். போர் முடியும்வரை அது இழுவைப் பெட்டிகள் செய்துகொண்டிருந்தது. புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்து அரசிடம் கொண்டுபோகும் எங்கள் இளைஞர்களுக்கு நான் சொல்வது இதுதான்: வரைபடம் யாருக்குச் சொந்தம், எத்தனை செய்து தரமுடியும் என்ற இரண்டையும் கையெழுத்துக்கு முன்பே எழுத்தில் வையுங்கள். எண்ணிக்கை கூடுதலாக இருந்தால் தனியே போகவேண்டாம். போரில் அழிந்து இந்திய உதவியோடு திருத்தப்பட்டு 2014 இல் மீண்டும் திறக்கப்பட்ட அச்சுவேலிக் கைத்தொழிற்பேட்டை போன்ற இடங்களில் மூன்று பட்டறைகள் கூட்டாக ஒரு ரெண்டருக்குப் போகலாம். ஒருவர் வெட்ட, ஒருவர் ஒட்ட, ஒருவர் பெயின்ற் அடிக்கலாம். கிளிநொச்சியில் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனமும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும் இருக்கின்றன. வரைபடம் வாசிக்கவும் அளக்கவும் தெரிந்த பிள்ளைகள் அங்கே கிடைப்பார்கள்.

காசு எப்போது வரும்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 200 கட்டில், ஒன்று 20,000 ரூபா, மொத்தம் 40 இலட்சம். இரும்புக்கும் பெயின்ருக்கும் 24 இலட்சம், கூலிக்கு 6, லொறிக்கு 2 என்று வைத்தால் கையில் 8 இலட்சம் நிற்பதுபோலத் தெரியும். ஆனால் ரெண்டர் கிடைத்ததும், வேலையை ஒழுங்காக முடிப்பதற்கான உத்தரவாதமாகச் செயலாற்றுகைப் பிணை கேட்பார்கள். ஒப்பந்தத் தொகையில் பத்தில் ஒரு பங்கு என்பது வழக்கமான அளவு. அதற்கு வங்கி 4 இலட்சத்தைக் காசாகவோ ஈடாகவோ கேட்கும். ஆக, ஒரு சதம் வருவதற்கு முன்னர் 36 இலட்சம் வெளியே போய்விட்டது. பொருளை இறக்கி, பரிசோதனை முடிந்து, பெற்றுக்கொண்ட சான்று எழுதி, காசோலை வர மூன்று மாதம் என்றும், கடன் வட்டி ஆண்டுக்கு 15 வீதம் என்றும் வைத்தால், காத்திருந்ததற்கு மட்டும் 1 இலட்சத்து 35 ஆயிரம். பிந்திக் கொடுத்தால் தாமத நட்டஈடு தனி. நாற்பது பேர் ஒரே மாதிரி கட்டில் செய்கிற ஊரில் விலையைக் கீழே இறக்கித்தான் ரெண்டர் எடுக்கவேண்டும், அந்த 8 இலட்சமும் அப்போது 4 ஆகிவிடும். நல்ல வேலைக்காரர்கள் கடனாளியாவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

2022 இன் தொடக்கத்தில் எனக்குத் தெரிந்த ஒருவர் ஓர் அலுவலகத்துக்கு இரும்பு மேசை செய்து கொடுக்க விலை போட்டார். டொலர் அப்போது 200 ரூபாவுக்குக் கிட்ட. மே மாதத்துக்குள் 360 ஐத் தாண்டியது. இரும்பு விலை வாராவாரம் ஏறியது, அவர் போட்ட விலையோ நிலையான விலை. ரெண்டரைக் கைவிட்டுப் பிணைக் காசையும் இழந்தார். அவருடைய வேலையில் ஒரு குறையும் இல்லை. விலை எத்தனை நாளுக்குச் செல்லுபடியாகும், மூலப்பொருள் விலை மாறினால் திருத்தம் உண்டா என்ற இரண்டு வரிகளையும் அவர் வாசிக்காமல் விட்டுவிட்டார்.

தமிழ்நாட்டில் இந்த இடத்தில் சட்டம் கொஞ்சம் கைகொடுக்கிறது. இந்தியாவின் 2006 ஆம் ஆண்டுச் சிறுதொழில் சட்டத்தின்படி, சிறு உற்பத்தியாளரிடம் வாங்கியவர் அதிகபட்சம் 45 நாளில் காசு கொடுக்கவேண்டும், தவறினால் கூட்டுவட்டி. மத்திய அரசின் நிறுவனங்கள் ஆண்டுக் கொள்முதலில் 25 வீதத்தைச் சிறு நிறுவனங்களிடம் வாங்கவேண்டும் என்ற கொள்கையும் உண்டு. 2018 இல் அறிவிக்கப்பட்ட பாதுகாப்புத் தொழில் வழித்தடம் சென்னை, கோயம்புத்தூர், ஓசூர், சேலம், திருச்சி என்ற ஐந்து இடங்களை இணைக்கிறது. கோயம்புத்தூர்ப் பட்டறைக்காரர் நேரே இராணுவத்திடம் போவது குறைவு. விமானமோ போர்த் தாங்கியோ கட்டும் பெரிய நிறுவனத்துக்கு ஒரு பாகத்தைக் கடைந்து கொடுக்கிறார். ரெண்டரின் பாரத்தைப் பெரியவர் சுமக்கிறார், சிறியவர் அளவை மட்டும் பார்த்தால் போதும். எங்களுக்கும் தொடக்கத்துக்கு அதுவே பாதுகாப்பான வழி என்று நினைக்கிறேன். கொழும்பில் ஏற்கனவே அரசுக்கு வழங்கும் கம்பனி ஒன்றுக்கு உப கொந்தராத்துச் செய்யலாம். இலாபம் குறையும், பாடம் கிடைக்கும். எழுத்தில் ஒன்றும் தராமல் "பிறகு பார்ப்பம்" என்று சொல்லும் இடைத்தரகரோடு மட்டும் போகவேண்டாம்.

வெளிநாட்டு உறவுகளுக்கு ஓர் எச்சரிக்கை. கனடாவில் எங்கள் ஆட்கள் சிஎன்சி பட்டறைகளில் வேலை செய்கிறார்கள், சிலர் சொந்தமாகவும் நடத்துகிறார்கள். அங்கே படைத்துறைப் பாகம் செய்பவர் 'கட்டுப்படுத்தப்பட்ட பொருள்கள்' திட்டத்தில் பதிந்திருக்கவேண்டும். அமெரிக்க விதிப்படி அப்படியான வரைபடத்தை வேறு நாட்டுக்கு அனுப்புவதே ஏற்றுமதி. "மாமா, இந்தப் படத்துக்கு அங்கே என்ன விலை வரும்?" என்று வட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினால் அனுப்பியவரின் தொழிலே போகலாம். 2025 நவம்பர் 10 முதல் அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களம் கணினிப் பாதுகாப்புச் சான்றையும் ஒப்பந்தங்களில் கேட்கத் தொடங்கிவிட்டது. பாசத்தில் செய்கிற உதவி என்றாலும் இதிலே விளையாடக்கூடாது.

இலங்கைப் படை சுருங்கப்போகிறது என்பதையும் கணக்கில் எடுக்கவேண்டும். 2023 ஜனவரியில் அரசு அறிவித்தபடி, 200,783 என்ற இராணுவத்தின் ஆட்தொகை 2030 இல் 100,000 ஆகக் குறைக்கப்படும். யாழ்ப்பாணத்தில் பலர் ஆசைப்படுகிற செய்தி அது, எனக்கும் அப்படித்தான். ஆனால் கட்டில் வியாபாரியாக யோசித்தால், வாங்குகிறவரின் தேவை பாதியாகும் என்று அவரே சொல்லிவிட்டார். அவரை மட்டும் நம்பிப் புது மெசினுக்கு லீசிங் எடுப்பது ஆபத்து.

முகாம் வாசலுக்குப் போகவே மனமில்லாதவருக்கு வேறு வாங்குநரும் உண்டு. முகமாலையில் 'ஹலோ ட்ரஸ்ட்' போன்ற அமைப்புகள் இன்னும் கண்ணிவெடி அகற்றுகின்றன. அந்த வேலையில் பயன்படும் இரட்டை வாரி முறையை நோர்வே மக்கள் உதவி அமைப்பு இலங்கையின் வடக்கிலே வைத்துத்தான் வளர்த்தது. ஒன்று பாரமான வாரி, மற்றது இலேசான வாரி. மண்ணை வாரும் தோட்டத்து ஆயுதத்தை அளவாகத் திருத்தி உயிர் காக்கும் கருவியாக்கினார்கள். ஐக்கிய நாடுகளின் கொள்முதல் தளத்தில் அடிப்படைப் பதிவு இலவசம். வைத்தியசாலைக் கட்டிலுக்கும் பாடசாலைக் கதிரைக்கும் ரெண்டர் ஆண்டுதோறும் வருகிறது. எல்லோரும் கேட்பது அதே மாதிரி, அதே சான்றிதழ், அதே பிணை.

மாமா இன்னும் பதியவில்லை. மச்சான் காசு சேர்த்து ஒரு மைக்ரோமீற்றர் வாங்கிவந்தான். யாரும் கேட்காமலே, வரைபடம் ஒன்றை வைத்து இருபது புஷ் கடைந்தார்கள். முதல் தடவை பதின்மூன்று தேறியது. தேறாத ஏழையும் மாமா யன்னல் விளிம்பில் வரிசையாக வைத்தார். போன கிழமை நான் போனபோது இரண்டாவது இருபதை அளந்துகொண்டிருந்தார்கள். "ஆமிக்கோ ஆசுப்பத்திரிக்கோ எண்டதைப் பிறகு பாப்பம்," என்றார் மாமா, கண்ணாடியைக் கழற்றாமலே. பதினெட்டு தேறியிருந்தது.